எள் போடாத வடகம்

1

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் பிறக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்துவிடும். புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில் இருக்கும் என் தம்பி மனைவி விஜயா அனுப்புவாள். பழைய வேட்டித் துணியில் தைத்த பை, அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் வடகம். இந்த வருடம் பார்சல் வரவில்லை. தபால் நிலையத்தில் விசாரிக்கவும் நான் போகவில்லை. அவள் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும்.

நான் வசிப்பது பிரான்சின் வடக்கே, பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில். சுரங்கத்தை மூடி நெடுங்காலம் ஆகிறது. எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் ஒரு கறுப்புக் குன்று தெரியும். சுரங்கத்திலிருந்து கரியோடு மேலே வந்த கல்லையும் மண்ணையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில் எழுந்த குன்று அது. இங்கே அதை 'தெரில்' என்கிறார்கள். இப்போது அதன் சரிவில் மரம் முளைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். என் மகள் அனு சிறு பிள்ளையாக இருந்தபோது அதை உண்மையான மலை என்றே நினைத்திருந்தாள்.

டிசம்பர் நான்காம் தேதி சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதையான பார்பராவின் திருநாள். அன்று மெரியின் முன்னால் பேண்டு வாசிப்பார்கள். மெரி என்பது நகராட்சி மன்றம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயதானவர்கள் பழைய சுரங்க விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேயர் பேசுவார். இந்த வருடமும் பேசினார். நிலக்கரிக் காலத்தைக் கடந்து வந்த ஊர் இது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசி அடித்தது. விஜயா.

அவள் என்னிடம் ஒரு விஷயம் கேட்டாள். செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்தபோது, முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்டவள் நான். ஆனால் அவள் கேட்டதை முதலிலேயே எழுதினால் அது சின்ன விஷயமாகத் தெரியும். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

2

எங்களுடையது கரியில் சோறு தின்ற குடும்பம். முதலியார்பேட்டையில் வாடகை வீடு. அப்பா மில்லில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவர் மூக்குத் துவாரத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு இருக்கும். துண்டின் முனையை முறுக்கி அதைத் துடைப்பார். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் தெருவில் அரிசி களைந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டினார்கள். ஒரு நாள் சங்கு ஊதவில்லை. நஷ்டம் என்று காரணம் சொல்லி மூடிவிட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் காவலாளி ஆனார். மூடலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

என் தம்பி சேகர் அப்பாவின் தொழிலையே படித்துப் பரீட்சை எழுதிப் பிடித்தான். பாய்லர் அட்டெண்டென்ட் சான்றிதழ் வாங்கி, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் அட்டை தயாரிக்கும் ஒரு ஆலையில் சேர்ந்தான். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். கொதிகலனுக்கு விறகும் மரத்தூளும்தான் எரிபொருள். ஆலைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டினான். அந்த வீட்டின் மொட்டை மாடிதான் விஜயாவின் ஆலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரோடு சேர்ந்து கோடை முழுவதும் அங்கே வடகம் பிழிவாள். அரிசிக்கூழ் வடகம், ஜவ்வரிசி வடகம், வெங்காய வடகம். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் இரண்டு கடைக்காரர்கள் அவளுடைய வடகத்தைத்தான் வாங்குவார்கள். அதன் வெள்ளை நிறத்துக்காகத்தான் அவளுக்கு அங்கே நல்ல பெயர்.

போன வருடம் சித்திரையில் ஆலைக்காரர்கள் சில லாரி நிலக்கரி கொண்டுவந்து பழைய கொதிகலனில் போட்டு எரித்துப் பார்த்தார்கள். வெள்ளோட்டம். நிலக்கரியில் ஓடும் சொந்த மின் நிலையம் ஒன்றைக் கட்டுவது அவர்கள் திட்டம். சேகர் அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தபோது மூக்கில் அதே கறுப்புக் கோடு இருந்ததாம். விஜயாவுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அவள் என் அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. அவள் பார்த்தது வடகத்தில் ஏறியிருந்த கறுப்புப் புள்ளிகளை. எறும்பு என்று நினைத்து ஊதினாள். போகவில்லை. விரலால் தேய்த்தாள். புள்ளி கோடாக நீண்டது.

அன்று மாலை இரண்டு பேரும் சேர்ந்தே என்னோடு பேசினார்கள். ஒரே கைப்பேசி, ஸ்பீக்கரில்.

"இது வந்தா எனக்கு நிரந்தரம்க்கா," என்றான் சேகர். "புது பாய்லர், சம்பளமும் கூட. வரலன்னா ஆலையவே வேற மாநிலத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். அப்பா கரியிலதான நம்மள வளத்தாரு."

பின்னாலிருந்து விஜயா சொன்னாள்: "உங்கப்பா வூட்டு மாடில யாரும் வடகம் போடல."

நிலக்கரி வந்தால் விஜயாவின் தொழில் போகும். வராவிட்டால் சேகரின் வேலை போகும். இரண்டும் ஒரே வீட்டில். நான் என்ன சொல்வேன் என்று இரண்டு பேரும் அந்தப் பக்கம் காத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உடம்புக்கு வந்தாலும் சொத்துத் தகராறு என்றாலும் எங்களைக் கேட்பார்கள். பார்க்கலாம் என்றேன்.

3

மாடியில் வடகம் போட்ட பெண்கள்தான் நிலக்கரியை எதிர்த்து முதலில் சேர்ந்தார்கள். பிறகு அந்தத் தெரு, அடுத்த தெரு. அவர்கள் மனுவில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. நிலக்கரி வேண்டாம் என்பது ஒன்று. தொழிற்பேட்டையில் உள்ள ஆலைக் கூரைகள் எல்லாம் வெயிலில் சும்மா காய்கின்றன, அவற்றின் மேல் சூரியத் தகடு போட்டு மின்சாரம் எடுக்கட்டும் என்பது இரண்டாவது. இரண்டாவதை எழுதச் சொன்னது விஜயா. வெயிலின் அருமை வடகம் போடுகிறவளுக்குத் தெரியாதா?

"அங்கெல்லாம் எப்படி அண்ணி நிறுத்தனாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

சில வருடங்களுக்கு முன் இங்கே எங்கள் ஊரில் ஒன்று நடந்தது. பழைய சுரங்கத்தின் ஆழத்தில் தங்கியிருக்கும் வாயுவை எடுக்க ஒரு நிறுவனம் வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த எங்கள் கொம்யூன் மன்றம் கூடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிறுவனம் போய்விட்டது. அதை நினைத்துக்கொண்டு விஜயாவிடம், "கொம்யூன்ல தீர்மானம் போடச் சொல்லுங்க. அதான் முதல் வேலை," என்றேன்.

கொம்யூன். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், சொல் போகவில்லை. தமிழ்நாட்டில் யாரும் சொல்லாத சொல் அது. புதுச்சேரியில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். கொம்யூன் பஞ்சாயத்து. அதனால் நான் சொன்னது விஜயாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அதுதான் சிக்கல்.

பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறிக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த எழுத்தர் மனுவை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தாராம்.

"தீர்மானமா? யாரும்மா போடறது? மெம்பருங்கள எங்க தேடுவீங்க? எலெக்‌ஷன் நடந்தே எத்தினி வருஷம் ஆவுது. இங்க ஆணையர் இருக்காரு, நான் இருக்கேன், இந்த ஃபேன் இருக்குது."

"நீங்களே போடுங்க சார்," என்றிருக்கிறாள் விஜயா.

"நான் போட்டா செல்லுமா?"

"போடுங்க. செல்லுதா இல்லையான்னு அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் சிரித்துவிட்டு, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார். மறுபடியும் இரண்டு தடவை போனார்கள். ஒரு வார வெயில் வீண். என்னோடு பேசியபோது விஜயா அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. "உங்க ஊரு கொம்யூன் வேற போல இருக்குது அண்ணி," என்றாள். அவ்வளவுதான்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டதும், அதற்கான முகவரிக்கு மின்னஞ்சலில் ஆட்சேபணை அனுப்பினேன். என் கணவரின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் சொல்தா குடும்பம் என்பார்கள். கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகு நானும் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டேன். மின்னஞ்சலின் கீழே என் முகவரியை மறைக்காமல் எழுதினேன். பதில் வந்தது. மரியாதையான பதில். திட்டப் பகுதியில் வசிப்பவர்களின் கருத்துகள் மட்டுமே பரிசீலிக்கப்படும், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். பிழை எதுவும் இல்லை. பழைய பழக்கத்தில் தேடிப் பார்த்தேன்.

4

அனுவுக்குப் பதினாறு வயது. பள்ளித் தோழிகளோடு பருவநிலை ஊர்வலங்களுக்குப் போகிறவள். வீட்டில் நான் தமிழில் பேசுவேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அவள் தமிழில் பேசுவது இந்தியாவிலிருந்து அழைப்பு வரும்போது மட்டும். அதுவும், "நல்லா இருக்கேன் அத்தை, சாப்பிட்டேன் அத்தை" என்ற அளவில்.

சேதராப்பட்டுச் செய்தி தெரிந்ததும் அவள் பரபரப்பானாள். தன் அத்தை நிலக்கரியை எதிர்க்கிறாள் என்பது அவளுக்குப் பெருமை. வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் தோழிகள் நான்கு பேரும் தெரிலின் உச்சியில் ஏறி, ஆளுயர அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து, என்னிடம் காட்டாமலே விஜயாவுக்கு அனுப்பிவிட்டார்கள். தமிழ் எழுத்தை அனு தானே வரைந்திருந்தாள். குண்டு குண்டாக, பச்சை வண்ணத்தில்:

கறி வேண்டாம்.

சேதராப்பட்டில் அந்தப் படம் எல்லாக் கைப்பேசியிலும் ஓடியது. வெள்ளைக்காரப் பெண்கள் நான்கு பேர், கறுப்பு மலை, கறி வேண்டாம். ஆலைத் தொழிலாளர் குழுவில் ஒருவர், "புரட்டாசிக்கு இன்னும் மூணு மாசம் இருக்குதே, இப்பவே விரதமா?" என்று போட்டாராம். சேகரே எனக்கு அதை வாசித்துக் காட்டினான். பல நாட்களுக்குப் பிறகு அவன் சிரிக்கக் கேட்டேன்.

நான் அனுவிடம் விளக்கினேன். இந்த ர, அந்த ற. அவள் முகம் சிவந்துவிட்டது.

"காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு," என்றாள் பிரெஞ்சில்.

"எங்க காதுக்கு இல்ல," என்றேன். அது முழு உண்மையும் இல்லை. எங்கள் ஊரிலும் பாதிப் பேருக்கு ஒன்றாகத்தான் கேட்கும், எழுதும்போதுதான் பிரியும்.

விஜயா அவளிடம் பேசினாள். "நீ எழுதனதுல ஒரு தப்பும் இல்லடி தங்கம். கூட்டத்துக்கு அவனுங்க பிரியாணி போட்டுத்தான் ஆள கூட்டினு வருவானுங்க. அதுக்கும் சேத்து எழுதனேன்னு சொல்லிடறேன்."

அனுவுக்கு இந்த நகைச்சுவையும் புரியவில்லை. அதற்குப் பிறகு அவள் தமிழில் எதுவும் எழுதவில்லை. ஊர்வலங்களுக்குப் போகிறாள். அத்தையைப் பற்றிக் கேட்கிறாள். பிரெஞ்சில் கேட்கிறாள்.

5

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கைப்பேசியை உயர்த்திப் பிடித்து எனக்கு நேரலையாகக் காட்டினாள். நான் அதிகம் பார்த்தது மண்டபத்தின் மின்விசிறியையும் ஒருவருடைய தோளையும்தான். மேடையில் அதிகாரிகள். இடப்புறம் ஆலைத் தொழிலாளர்கள், சீருடைச் சட்டையோடு. வலப்புறம் ஊர்க்காரர்கள். சேகர் இடப்புறம் இரண்டாம் வரிசை. விஜயா வலப்புறம் முதல் வரிசை. காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தொழிலாளர்களில் சிலர் ஒலிவாங்கி முன் வந்து, எழுதிக் கொடுத்ததைப் படித்தார்கள். சேகரின் முறையும் வந்தது. காகிதத்தைப் பிரித்தான். மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு வேல வேணும் சார். அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

விஜயா ஒலிவாங்கிப் பக்கம் போகவில்லை. இரண்டு தட்டுகளோடு மேடைக்குப் போனாள். ஒன்றில் காய்ந்த வடகம். இன்னொன்றில் பொரித்த வடகம், அன்று காலையில் பொரித்தது. இரண்டும் வெள்ளோட்டம் நடந்த வாரம் மாடியில் காய்ந்தவை. தலைமை அதிகாரி முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க சார்."

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெயில் நேரம், பசியும் இருந்திருக்கும். ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். ஒலிவாங்கி அவர் வாயருகே இருந்ததால் நொறுங்கும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. எள்ளு போட்டிருக்கீங்களா?"

மண்டபமே சிரித்தது, இரண்டு பக்கமும்.

"நாங்க எள்ளு போடல சார்," என்றாள் விஜயா. இடப்புறம் கையைக் காட்டினாள். "அவங்க போட்டது."

அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தண்ணீர் குடித்தார். தொழிலாளர் பக்கமிருந்து ஒரு குரல், "விஜயாக்கா, எள்ளு வடகம் கிலோ என்னா வெல?" என்றது. சிரிப்பு தொடர்ந்தது. கைப்பேசி அந்தப் பக்கம் திரும்பியபோது நான் சேகரைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, குனிந்து சட்டைப் பையில் இருந்த காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இது இப்படிப் பதிவானது: உள்ளூர்த் தயாரிப்பு உணவுப் பொருள் ஒன்று பொதுமக்களால் காட்சிக்கு வைக்கப்பட்டது. மறுநாள் செய்தித்தாளில் ஒரு பத்திச் செய்தி. தலைப்பு, 'காரசார விவாதம்'. யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நாற்காலி பறக்காத எல்லாக் கூட்டத்துக்கும் நானும் அந்தத் தலைப்பைத்தான் போட்டிருக்கிறேன்.

அன்று இரவு விஜயாவிடம், சேகர் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"இன்னா சொல்லுவாரு? சோறு போட்டேன். தொட்டுக்க வடகம் வேணுமான்னேன். 'எள்ளு இல்லாததா பாத்து எடுத்து வை'ன்னாரு."

6

புரட்டாசியில் அறிவிப்பு வந்தது. புதுச்சேரிக்குள் நிலக்கரியில் ஓடும் புதிய மின் நிலையங்களுக்கு அனுமதி இல்லை. ஆலைகள் சூரிய மின்சாரத்துக்கு மாற ஊக்கம் தரப்படும். சேதராப்பட்டில் வெடி வெடித்தார்கள். விஜயா எனக்கு அனுப்பிய குரல் பதிவில் அவள் பேச்சைவிட வெடிச் சத்தம்தான் அதிகம் கேட்டது. ஒரு மாடியில் தொடங்கியது ஒரு அரசாங்கத்தின் கொள்கைக்குள் போய் இரண்டு வரியாக உட்கார்ந்திருக்கிறது. செய்தித்தாளில் வருடக்கணக்காக வேலை பார்த்த எனக்கே அது சாதாரணமாகத் தெரியவில்லை. அந்த டிசம்பரில் பார்சல் வந்தது. வெயில் விழுந்த நாட்களில் மறுபடி பிழிந்த வடகம். வெள்ளையாக இருந்தது. அனு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

சேகர் மட்டும் அந்தக் குரல் பதிவில் இல்லை. ஆலை வேறு மாநிலத்துக்குப் போகப்போகிறது என்றே அவன் நினைத்திருந்தான். எந்த மாநிலம், எவ்வளவு தூரம் என்பதுதான் தெரியவில்லை.

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே விழுந்த கண்ணாடித் தட்டைப்போலச் சிதறிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. நடுவில் தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும். ஒரே சாலையின் இந்தப் பக்கம் மதுக்கடை வரிசையாக இருந்தால் அது புதுச்சேரி. அந்தப் பக்கம் முந்திரித் தோப்பாக இருந்தால் அது தமிழ்நாடு. சேதராப்பட்டின் ஓரத்தில் அப்படி ஒரு சாலை இருக்கிறது. சேகர் வீட்டு மாடியிலிருந்து அது தெரியும்.

ஆலை எங்கும் போகவில்லை. தை மாதம் சாலைக்கு அந்தப் பக்கம் தோப்பு ஒன்றை வாங்கினார்கள். மரத்தை வெட்டி, தரையைச் சமப்படுத்தி, முதலில் கரிக் கிடங்கு போட்டார்கள். மின் நிலையமும் அங்கேயே கட்டப்போகிறார்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் கம்பி வழியாகச் சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். கம்பி தாண்டலாம். அறிவிப்பு தாண்டாது. பங்குனியில் கரிக் குவியல் ஆள் உயரத்தைத் தாண்டியது. சித்திரையில், வடகம் பிழியும் பருவத்தில், காற்று அங்கிருந்து இங்கே வீசியது. விஜயா மாடியில் ஒரு வெள்ளை வேட்டியை மட்டும் விரித்து வைத்தாள். மாலையில் எடுத்துப் பார்த்தாள். வடகத்துக்கு ஊறவைத்த அரிசியை வடித்துத் தோசைக்கு ஆட்டிவிட்டாள்.

சேகரின் வேலை போகவில்லை. புதுக் கொதிகலன் வரும்வரை அவனைக் கரிக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். தூசி பறக்காமல் குவியல்மேல் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவது அவன் பொறுப்பு.

"பாத்தியாக்கா என் நெலமய," என்றான் ஒரு நாள். "தமிழ்நாட்டுல இருக்கறவன் எல்லாம் தண்ணி அடிக்க ரோட்ட தாண்டி இந்தப் பக்கம் வர்றான். நான் ஒருத்தன்தான் தண்ணி அடிக்க அந்தப் பக்கம் போறேன்."

சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "காத்து நம்ம வூட்டுப் பக்கம் திரும்பறப்ப, வூட்டப் பாத்த குவியல் மேலதான் மொதல்ல அடிப்பேன். எவ்ளோ அடிச்சாலும் காஞ்சிடுதுக்கா. வெயில் அப்படி."

விஜயாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றான். அவளுக்குத் தெரியும் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. மாடியில் நின்றால் யார் எந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

7

இனி டிசம்பர் நான்காம் தேதி.

மெரி வாசலில் என் பக்கத்தில் நின்றவர் மதாம் ஜானின். எங்கள் சுவரை ஒட்டிய வீடு. கணவர் சுரங்கத்தில் வேலை செய்து நுரையீரல் கெட்டு இறந்தவர். மேயர் பேசி முடித்துக் கைதட்டல் ஓய்ந்ததும் அவர் என் காதருகே குனிந்தார்.

"ஏதோ நாங்களே முடிவுசெய்து கரியை விட்டுவிட்ட மாதிரி பேசுகிறார். லாபம் இல்லை என்றார்கள், மூடினார்கள். திறக்கலாமா என்றும் எங்களைக் கேட்கவில்லை, மூடலாமா என்றும் கேட்கவில்லை."

முதலியார்பேட்டையில் சங்கு ஊதாத அந்தக் காலையில், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. அந்த வரிசையில் பார்த்தால், எங்கள் குடும்பத்தில் முதன்முறையாக இரண்டு பேரை மண்டபத்துக்குக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் சொன்னார்கள். சொன்னது நிறைவேறவும் செய்தது. நிறைவேறியதன் அகலம் ஒரு சாலையின் பாதி.

அப்போதுதான் விஜயாவின் அழைப்பு. கூட்டத்தைவிட்டுச் சற்று விலகி நின்று எடுத்தேன்.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா?"

"இல்ல, சொல்லு."

"அந்தப் பக்கம் மின் நிலையத்துக்கு அடுத்த மாசம் கூட்டம் வெச்சிருக்காங்க. மனு கொடுக்கலாம்னு அந்த ஜில்லா ஆபீசுக்குப் போனேன். ஆதார் கார்ட வாங்கிப் பாத்தாரு. 'நீங்க பாண்டிச்சேரிம்மா, இது தமிழ்நாடு'ன்னாரு. எங்க வூட்டு மாடில நின்னா கரி தெரியுது சார்னேன். 'தெரியும்மா, யாரு இல்லன்னாங்க. ஆனா நீங்க வெளி மாநிலம். திட்டப் பகுதில இருக்கறவங்கதான் சொல்லணும்'ன்னாரு."

"அங்க இருக்கறவங்க சொல்லலாமே?"

"அங்க யாரு இருக்கா? தோப்ப வித்துட்டுப் போயிட்டாங்க. முந்திரி மரம் வந்து மனு கொடுக்குமா?"

பின்னால் பேண்டு மறுபடி வாசிக்கத் தொடங்கியது.

"அதான் அண்ணி, ஒண்ணு கேக்கலாம்னு," என்றாள். "போன வருஷம் நீங்க அங்கேர்ந்து மெயில் போட்டீங்களே. வெளிய இருக்கறவங்க போடற மாதிரி. அது எப்படி எழுதறது?"

இதைத்தான் அவள் கேட்டாள். அவள் வீட்டுக்கும் அந்தக் கரிக்கும் நடுவில் ஒரு சாலை. எனக்கும் அதற்கும் நடுவில் கடல்கள். விண்ணப்பத்தில் இரண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டோம். எனக்கு வந்த பதிலை அவளுக்கு அன்றைக்கே வாசித்துக் காட்டியிருந்தேன். அவள் அதை மறந்திருக்க வழியில்லை.

"அங்க என்னா அண்ணி மேளச் சத்தம்? கல்யாணமா?"

"இல்ல. இந்த ஊர்ல கரி எடுக்கறது நின்னுபோச்சு இல்ல, அதை நெனச்சு வருஷா வருஷம் வாசிப்பாங்க."

"யாரு நிறுத்தனது?"

"யாரும் இல்ல. லாபம் வரலன்னு அவங்களா மூடிட்டாங்க."

அவள் பக்கம் தூரத்தில் லாரி ஒன்று பின்னால் நகரும்போது எழுப்பும் மணி கேட்டது. இந்தப் பக்கத்து லாரியா, அந்தப் பக்கத்து லாரியா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"அதுக்கா மேளம்," என்றாள். பிறகு, "சரி அண்ணி, பேனா எடுத்துட்டேன். மொத வரி சொல்லுங்க."

பேண்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று, காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே சொல்லத் தொடங்கினேன். மதிப்பிற்குரிய ஐயா, நான் திட்டப் பகுதிக்கு வெளியே வசிப்பவள்.